விளக்கு என்று விரல் வைத்த இடம்

வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது மொழிகள் என்ற கட்டத்தில் மலையாளம், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் எதிரே பேச, படிக்க, எழுத என்று ஒன்பது டிக் போட்டேன். அதில் ஏழுதான் உண்மை. தமிழ் படிக்கவும் எழுதவும் எனக்கு அப்போது தெரியாது. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி இன்னொரு தமிழ் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்தான். ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். கிழக்கேகோட்டையில் வந்து நிற்கும் நாகர்கோவில் பஸ்ஸின் போர்டைக் கூட முதல் எழுத்தைப் பார்த்து, மிச்சத்தை ஊகித்துத்தான் படிப்பேன். இதை எழுதுகிற தமிழ் பின்னால் வந்தது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோவளத்தில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் வேலை. தங்கக்கரை போட்ட கசவுப் புடவை கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சந்தனம் வைத்து, இளநீர் கொடுத்து, அறைவரை கூட்டிப்போய், சுற்றுவட்டாரத்தில் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து யாராவது வந்தால் மேனேஜர் இண்டர்காமில் கூப்பிட்டு, "தமிழ் கெஸ்ட் உண்டு, ஒந்நு நோக்கணே" என்பார், கொஞ்சம் கவனித்துக்கொள் என்று. நான் ஓடுவேன்.

ஓட்டலில் எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும். காரணம் நான் சொல்லும் கதைகள். விழிஞ்ஞத்தில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. பாறையில் குடைந்த சின்ன அறை, உள்ளே ஒரு சிற்பம், வெளியே இரண்டு பக்கமும் முடிக்காமல் விட்ட உருவங்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிடும். வந்தவர்கள் 'இவ்வளவுதானா' என்று முகத்தைத் தொங்கப்போடும்போது, சிற்பி ஏன் பாதியில் விட்டுப் போனான் என்று ஆரம்பிப்பேன். ஒரு குழுவிடம், அவன் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள் என்பேன். இன்னொரு குழுவிடம், போர் வந்துவிட்டது என்பேன். யாரும் கேள்வி கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பி, என்னைப் பாராட்டி இணையத்தில் நாலு வரி எழுதுவார்கள். மேனேஜர் அதைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்.

வீட்டில்தான் மதிப்பில்லை. மாமனார் கோயில் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் கடற்கரை ஓட்டலில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சந்தனம் வைக்கிறாள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. திட்டியதில்லை. தெருவில் யாராவது "மாட்டுப்பொண் எங்கே வேலை பாக்கறா?" என்று கேட்டால், "டூரிசம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்த ஒரு சொல்லை அவர் சொல்கிற விதம் எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி மாதம் மழை விட்ட ஒரு நாள் அந்த இரண்டு சகோதரிகளும் வந்தார்கள். கும்பகோணத்துக்காரர்கள். அக்காவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தங்கைக்கு நாலைந்து வயது குறைவு. அவர் மகன் வெளிநாட்டிலிருந்து அறை புக் செய்துகொடுத்திருந்தான். தங்கை வந்ததும் வராததுமாக பால்கனியில் போய் நின்று கடலைப் பார்த்தார். அக்கா கட்டிலில் துணிப்பையைக் கவிழ்த்தார். ஒரு நோட்டு, ஒரு பிரஷ், டப்பாவில் கொஞ்சம் கோலமாவு, ஒரு டார்ச்.

"இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்றேன்.

"கல்வெட்டு பாக்க. மாவைத் தடவினா எழுத்து பளிச்சுன்னு தெரியும். எங்க ஊர்ல ஒரு குழு இருக்கும்மா. மாசம் ஒரு கோயிலுக்குப் போவோம். ரிட்டயர் ஆன கூட்டம்தான். சின்னதா ஒரு பத்திரிகை கூட நடத்தறோம்."

தங்கை பால்கனியிலிருந்தே சொன்னார்: "இவளுக்குக் கடலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்கயாவது கல்லு கெடந்தா போதும்."

"மேடம் வேண்டாம், அம்மான்னே கூப்பிடு" என்றார் அக்கா. "உன் தமிழ்ல மலையாளம் மணக்குது. கேக்க நல்லா இருக்கு."

மறுநாள் காலை ஓட்டல் காரில் அவர்களை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போனேன். குடைவரையின் முன்னால் வழக்கமான கதையை ஆரம்பித்தேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அப்படின்னு யாராவது எழுதியிருக்காங்களா, இல்ல ஊர்ல சொல்றதா?" என்று கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை. "ஊர்ல சொல்றது" என்றேன். அதை நோட்டில் அப்படியே 'ஊரில் சொல்வது' என்று குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது டிரைவர், கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு இடிந்த கோயில் அடித்தளம் இருக்கிறது, அங்கே எழுத்துள்ள கல் ஒன்று கிடக்கிறது என்று சொன்னார். நான் அதுவரை அங்கே போனதில்லை. ஒரு வீட்டின் பின்பக்கம், தென்னைகளுக்கு நடுவே, நாலைந்து வரிசைக் கருங்கல். அதன் மேல் வலை காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் சாய்ந்து கிடந்த கல்லில் வரி வரியாக எழுத்து. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் உடைந்திருந்தன. அக்கா சட்டென்று மண்டியிட்டு உட்கார்ந்து, பிரஷால் மண்ணைத் தட்டி, மாவைத் தடவினார். எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. வட்டம் வட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"வட்டெழுத்து" என்றார். "சோழர் காலத்துத் தமிழ் எழுத்துன்னா திக்கித் திணறிப் படிச்சிடுவேன். இது எனக்கு வராது. உனக்குப் படிக்க வருமாம்மா? இந்த ஊர்ப் பொண்ணாச்சே நீ."

"கொஞ்சம் வரும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவரை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஓட்டலில் பயிற்சி கொடுக்கும்போதே 'தெரியாது என்ற சொல் விருந்தினர் காதில் விழக்கூடாது' என்று சொல்லித் தந்திருந்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அத்தனை ஆவல் இருந்தது. இந்த ஊர்ப் பொண்ணு என்று அவர் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது.

குனிந்து கல்லைப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். பழைய கல்வெட்டு என்றால் கோயிலுக்கு விளக்கு வைத்ததாக எழுதியிருக்கும் என்று எங்கேயோ கேட்டது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. மீதி அதிலிருந்து வந்தது.

"ஒரு பொம்பளை விளக்கு வச்சிருக்கா. அவ புருஷன் கடலுக்குப் போயிருக்கான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் அணையாம எரியணும்னு."

அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அவ பேரு இருக்கா?"

"பேரு இருந்த இடம் உடைஞ்சுபோச்சு."

"ஐயோ" என்றார், நிஜமாகவே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போல.

தங்கைக்கு நம்பிக்கை இல்லையோ என்னவோ, "விளக்குன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றார். நான் மூன்றாவது வரியில் ஒரு இடத்தில் விரலை வைத்தேன். "அப்படியே இரு" என்று அக்கா சொல்ல, தங்கை செல்போனில் படம் எடுத்தார்.

அன்று சாயங்காலம் இருவரும் கிளம்பினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல எவ்வளவோ கல்லு பாத்துட்டேன். ஆடு, மாடு, நெல்லு, நிலம்னுதான் இருக்கும். இந்த மாதிரி ஒண்ணு பாத்ததில்ல" என்றார். என் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அது அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. உள்ளே அவர்கள் குழுவின் பத்திரிகை. நான் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மாமனார் அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது.

"உட்காரு" என்றார். அந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு பக்கக் கட்டுரை. நடுவில் கல்லின் படம், கல்லின் மேல் என் விரல், வளையல். மாமனார் உரக்க வாசித்தார். அக்கா அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். பெயர் போய்விட்டது, விளக்கு போய்விட்டது, கோயில் போய்விட்டது, அவள் காத்திருந்தது மட்டும் கல்லில் நிற்கிறது என்று எழுதியிருந்தார். கடைசியில், இதை நமக்குப் படித்துத் தந்தது திருவனந்தபுரத்தில் வாழும் ஒரு தமிழ்ப் பெண், தாய்மொழியின் பழைய எழுத்தையும் விடாமல் கற்றுவைத்திருக்கிறாள், அவளுக்கு நம் நன்றி என்று முடித்திருந்தார். மாமனார் அந்தக் கடைசி வரியை இரண்டாவது தடவையும் வாசித்தார்.

"நீ எப்போ இதெல்லாம் படிச்சுண்டே? சொல்லவே இல்லையே."

"ஓட்டல்லே ஒரு கோர்ஸ் வச்சிருந்தா அப்பா" என்றேன்.

அடுத்த நாள் அந்தப் பத்திரிகை தெருவைச் சுற்றி வந்தது. மாமனார் சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது அதைக் கையிலேயே எடுத்துப்போனார். என்னைக் குறித்து யாராவது கேட்டால் இப்போது 'டூரிசம்' என்று நிறுத்துவதில்லை. "பழைய கல்வெட்டெல்லாம் படிச்சு வர்றவாளுக்குச் சொல்றா" என்றார். நான் வேலைக்குக் கிளம்பும்போது, பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று கேட்க ஆரம்பித்தார். பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டிவிட்டார். சில நாள் சாப்பிடும்போது, "அந்த எழுத்திலே 'அ' எப்படி இருக்கும்? சும்மா இலையிலே போட்டுக் காட்டேன்" என்பார். "கை எச்சில் அப்பா, அப்புறம்" என்பேன். அப்புறம் அவர் மறந்துவிடுவார். நான் மறக்க மாட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

என்னால் சொல்லியிருக்க முடியும். அந்தச் சில மாதங்களில் எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவு சுகமாக இருந்தது.

மாசி மாதம், சுற்றுலாப் பயணிகள் நிறைய வரும் நேரம். ஒரு காலை ரிசப்ஷனில் முதுகுப்பையோடு ஒரு பெண் நின்றாள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வட்டெழுத்தில் ஆய்வு செய்கிறவள். இருபத்தாறு இருபத்தேழு வயது. கையில் அந்தப் பத்திரிகை.

"இந்தக் கல்வெட்டைப் படிச்சது நீங்கதானாக்கா? கல்லை நேர்ல பாக்கணும்னு, பத்திரிகைக்காரங்ககிட்ட உங்களை விசாரிச்சு வந்தேன். நீங்களும் வந்தா நல்லாயிருக்கும்" என்றாள்.

இரண்டு பஸ் ஆட்கள் வரப்போகிறார்கள், என்னால் நகரமுடியாது என்று சொல்லி, டிரைவரை அவளோடு அனுப்பினேன். பஸ் எதுவும் வரவில்லை. அன்று முழுக்க ஸ்டோர் ரூமில் நின்று, ஏற்கெனவே எண்ணிய பூந்துவாலைகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அவள் திரும்பி வந்தாள். கை, ஜீன்ஸ் எல்லாம் மாவு. லாபியில் என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அது நிவந்தம். கோயிலுக்கு இன்ன நிலத்துலேர்ந்து இத்தனை நாழி அரிசின்னு எழுதிக் குடுத்திருக்காங்க. விளக்குங்கற வார்த்தையே இல்ல. பொம்பளையும் இல்ல. போட்டோல நீங்க விரல் வச்சிருக்கீங்களே, அந்த இடத்துல 'அரிசி'ன்னு இருக்கு." கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "நீங்க அந்தம்மாகிட்ட என்னக்கா சொன்னீங்க?" என்றாள்.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. எனக்கு வெளியே போக ஒரு வழி இருக்குமா என்று அவளே தேடிக்கொண்டிருந்தாள்.

"பொதுவா சொன்னேன்" என்றேன். "இந்த மாதிரிக் கோயில்ல பெண்கள் விளக்கு வைக்கற வழக்கம் உண்டுன்னு."

"அப்ப அவங்கதான் சேத்து எழுதிட்டாங்க போல."

"இருக்கலாம்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "வயசானவங்க. கேட்டதையும் நெனச்சதையும் கலந்திருப்பாங்க. பாவம். நானே பக்குவமா சொல்லிடறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் நீச்சல் குளத்துப் பக்கம் நின்றிருந்தேன். குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன.

"அம்மா, நான்தான், கும்பகோணம். ஒரு பொண்ணு பேசிச்சு. கல்லுல விளக்கே இல்லையாம்." அவர் குரல் கெஞ்சுவது போல இருந்தது. "நீ விளக்குன்னு படிச்சு, விரல் வச்சுக் காட்டினேல்ல? அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இல்ல, நான்தான் தப்பா கேட்டுக்கிட்டேனா?"

தங்கையும் பக்கத்தில் இருந்தவர்தான். அவரைக் கேட்டாலே போதும். என்னிடம் கேட்கிறார். நான் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னால் மேனேஜருக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும்.

"அப்படித்தான் இருக்கும் அம்மா" என்றேன். "நான் பொதுவா சொன்னதை நீங்க கல்லுல இருக்கறதா நினைச்சிருப்பீங்க."

"சரிம்மா. உனக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த இதழில் திருத்தம் மூன்று வரியில் வந்தது. சென்ற கட்டுரையில் கல்வெட்டுச் செய்தி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, தவறு கட்டுரை எழுதியவருடையது, வழிகாட்டியவருடையது அல்ல. அதை எழுதியவர் அக்காவேதான், கீழே அவர் பெயர் இருந்தது. மாமனார் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"பாவம், வயசான பொம்மனாட்டி" என்றார் என்னிடம். "காது சரியாக் கேக்கலை போலருக்கு. நீ ஒண்ணும் மனசிலே வச்சுக்காதே. நம்ம பேருக்கு ஒண்ணும் வரலை."

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கழுவப் பாத்திரம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். குடைவரையில் கதை சொல்வதை விட்டுவிட்டேன். மனம் திருந்தியதால் இல்லை. வாயைத் திறந்தால் குரல் நடுங்கியது. விருந்தினர்கள் சீக்கிரமாக செல்போனை எடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தமிழ் எழுத்துப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் தமிழ் வியாபாரிகள் நிறைந்த ஆரியசாலையின் கடை போர்டுகள், பிறகு மாமனார் படித்துப்போட்ட வார இதழ்கள். எதற்காக என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. சொன்ன பொய்யில் ஒரு பாதியையாவது உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

சித்தப்பா பெண்ணின் கல்யாணம் கும்பகோணத்தில் நடந்தது. முகூர்த்தம் முடிந்ததும், கோயில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, பத்திரிகையில் இருந்த விலாசத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

தங்கை கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். "அடடே, திருவனந்தபுரம்! வா வா." அக்கா உள்ளே இருந்து வந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரு கணம் கூச்சம் வந்தது. குற்றம் செய்தவர் போல, "அந்த விஷயத்துல உனக்கு ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சினை வரலயேம்மா?" என்று கேட்டார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எனக்கு வட்டெழுத்து தெரியாது, தமிழே அப்போது படிக்கத் தெரியாது, அந்தப் பெண்ணையும் விளக்கையும் நான்தான் உண்டாக்கினேன், நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள், போனிலும் பொய் சொன்னேன். வரிசையாகச் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் ஆட்டோவில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அது நான் எதிர்பாராதது.

"கேட்டியாடி?" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்லடி."

எனக்குப் புரியவில்லை. தங்கைதான் சொன்னார், என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

அந்தப் போனுக்கு அடுத்த வாரம் அக்கா காது டாக்டரிடம் போயிருக்கிறார். காதில் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மூளையில்தான் குறை என்று அக்கா முடிவு செய்துவிட்டார். இவர்களின் அம்மாவுக்குக் கடைசி ஐந்து வருஷம் பெற்ற பிள்ளைகளே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. அதுவும் இப்படித்தான் தொடங்கியது, நடக்காததை நடந்ததாகச் சொல்வதில். அக்கா குழுவோடு போவதை நிறுத்தினார். எழுதுவதை நிறுத்தினார். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று சீட்டு எழுதி ஒட்ட ஆரம்பித்தார். நிமிர்ந்து பார்த்தேன். அலமாரிக் கதவில், ஃபிரிட்ஜில், சுவிட்ச் பக்கத்தில் சின்னச் சின்ன மஞ்சள் சீட்டுகள். என்னால் இப்போது அவற்றைப் படிக்க முடிந்தது.

"நானும்தான் கூட இருந்தேன்" என்றார் தங்கை. "விளக்குன்னுதான் அவ சொன்னா, விரலும் வச்சுக் காட்டினான்னு நான் எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? 'என் மேல இரக்கப்பட்டு நீயும் சேந்து சொல்ற'ங்கறா. அந்தப் பொண்ணு ஏன் பொய் சொல்லப்போறாங்கறா." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஒரு போன் பண்ண உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சா?"

"விடுடி" என்றார் அக்கா.

"என்ன விடறது? நீ எந்திரிச்சுப் போம்மா" என்றார் தங்கை என்னிடம். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அக்கா வாசல்வரை வந்தார். அவருக்கு என் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. அவருக்கு இருந்த சந்தோஷத்தில் எனக்கு இடமே இல்லை. "பத்திரிகைக்கு நான் எழுதிடறேன் அம்மா, உண்மையை" என்றேன். "எழுது. எழுதணும்" என்றார். செருப்பை மாட்டும்போது, "அந்தக் கல்லுல அரிசின்னு இருக்குன்னு சொன்னாளே அந்தப் பொண்ணு, எத்தனை நாழியாம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "தெரியாது அம்மா" என்றேன்.

ஊருக்கு வந்து கடிதம் எழுத உட்கார்ந்தேன். படிக்க வந்த அளவுக்கு எழுத வரவில்லை. பாதி எழுத்து மலையாளமாக வளைந்தது. நாலு நாள் முயன்று ஒரு பக்கம் எழுதினேன். அதில் எத்தனை பிழை என்று எனக்கே தெரியவில்லை. திருத்தித் தர வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

மாமனார் சாயங்காலக் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "அப்பா, இதிலே தப்பெல்லாம் பாத்துத் தரணும்."

முதல் வரியைப் படித்ததும் நிறுத்திவிட்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். ற போட வேண்டிய இடத்தில் ர போட்டிருந்ததை மாற்றினார். விட்டுப்போன ஒற்றைச் சேர்த்தார். 'பொய் சொன்னேன்' என்ற இடத்தில் நான் கொம்பை மாற்றி எழுதியிருந்தேன். அதையும் சரிசெய்தார். கடைசிவரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்ல காகிதத்திலே எடுத்து எழுதி அனுப்பு" என்றார்.

கடிதம் அச்சில் வந்தது. அதை அவர் உரக்க வாசிக்கவில்லை. சந்தாவை நிறுத்தவும் இல்லை. தெருவில் யாராவது கேட்டால் இப்போது என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று கேட்பது மட்டும் நின்றுவிட்டது. நான் அதைக் குறை சொல்ல முடியாது.

அக்கா மறுபடி குழுவோடு போக ஆரம்பித்தார். எனக்கு எப்போதாவது செல்போனில் கல்வெட்டுப் படங்கள் அனுப்புகிறார், வேறு ஒன்றும் எழுதாமல். சென்ற மார்கழியில், குழு முழுவதும் திருவனந்தபுரம் வருகிறோம், அந்தக் கல்லையும் பார்க்கப் போகிறோம், நீயும் வந்தால் நன்றாக இருக்கும் என்று செய்தி அனுப்பினார். வருகிறேன் என்று பதில் போட்டேன். அன்றைக்கு லீவும் எடுத்தேன்.

காலை ஏழரை மணிக்குக் கிழக்கேகோட்டையில் அவர்கள் வேன் வந்து நின்றதைப் பார்த்தேன். முதலில் கோயிலுக்குப் போய்விட்டுப் பிறகு விழிஞ்ஞம் என்பது திட்டம். என் கடிதத்தை அச்சில் படித்த பதினைந்து இருபது பேர் இறங்கினார்கள். எல்லார் தோளிலும் துணிப்பை. அக்கா புதுச் செருப்பு போட்டிருந்தார். தங்கையும் வந்திருந்தார். அக்கா சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து யாரையோ தேடினார். ஒருவர் அவரிடம் ஏதோ கேட்க, கையை உயர்த்தி, இருங்கள், வந்துவிடுவாள் என்பது போல ஜாடை காட்டினார்.

நான் எதிரில் பாத்திரக்கடையின் தூண் ஓரமாக நின்றிருந்தேன். சாலையைக் கடந்தால் இருபது அடி. கடக்கவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவர்கள் கோயில் பக்கமாக நடந்தார்கள். கடைக்காரர் ஷட்டரை ஏற்றிக்கொண்டே, "எந்தா சேச்சி, எந்து வேணம்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோவளம் பஸ் வந்ததும் ஏறி, லீவு நாளில் வேலைக்குப் போனேன்.